கை பேசினால் வாய் பேசாதா?

"சைகை பழக்கிட்டா அப்புறம் வாயே திறக்க மாட்டான் மிஸ்." கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் சிறப்புக் குழந்தைகளின் வீடுகளுக்குப் போகிற எவரும் இதைக் கேட்டிருப்பார்கள். பெற்றோர் சொன்னால் புரிகிறது. நாலு வயதாகியும் 'அம்மா' என்று கூப்பிடாத பிள்ளையை வைத்திருப்பவர்களின் பயம் அது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் அதையே சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

பொதுவாகக் குழந்தை வாய்க்கு முன்னால் கையால்தான் பேசுகிறது. நிலாவைக் காட்டுகிறது, டாட்டா காட்டுகிறது, 'சாமி' என்றால் கும்பிடுகிறது. டாட்டா காட்டியதால் பேசாமல் போன குழந்தையை யாராவது பார்த்திருக்கிறீர்களா? மில்லர், லைட், ஷ்லாசர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2006இல் இது தொடர்பான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அவற்றில் நம்பத்தக்க முறையில் நடந்தவற்றில் மொத்தம் 27 பேர். சைகை போன்ற மாற்று வழிகளைப் பழகியதால் அவர்களில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சம் கூடியிருந்தது. கொஞ்சம்தான். சைகை காட்டினால் பேச்சு கொட்டும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

நான் சொல்வது இவ்வளவுதான்: பேச்சு வரட்டும் என்று காத்திருக்கும் காலத்தில் பிள்ளையை ஊமையாக உட்கார வைக்காதீர்கள்.

செய்முறையும் பெரிய வித்தை இல்லை. வாக்கியத்தை வாயால் முழுசாகச் சொல்ல வேண்டும், அதில் முக்கியமான ஒன்றிரண்டு சொல்லுக்கு மட்டும் கை காட்ட வேண்டும். 'கை கழுவிட்டு வந்து களி சாப்பிடு' என்றால் கழுவுவதும் சாப்பிடுவதும் கையில் வந்தால் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் கை காட்டப் போனால் பேச்சும் இழுபடும், சைகையும் குழம்பும்.

இங்கே ஒன்றைக் கலக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த முறை காது கேட்கிற, ஆனால் பேச்சு வராத அல்லது தாமதமாகிற பிள்ளைகளுக்கு: டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு. காது கேளாத பிள்ளைக்கு இந்தத் துணுக்குகள் போதாது. அதற்கு இந்திய சைகை மொழி முழுசாக வேண்டும், அது தனி இலக்கணம் உள்ள மொழி. இப்படிப்பட்ட சைகை மொழிகளையும் ஒரு காலத்தில் வகுப்பறையை விட்டுத் துரத்தினார்கள். 1880இல் காது கேளாதோர் கல்வி பற்றிய மிலான் மாநாட்டில் கூடி, பேச்சுவழிக் கல்விதான் சரி என்று தீர்மானம் போட்டார்கள். அதற்கு வருத்தம் தெரிவிக்க 2010 வான்கூவர் மாநாடு வரை ஆனது. 130 வருடம்! நம் ஊர் பயமும் அந்தப் பழைய சரக்கின் மிச்சம்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சைகை பழக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. ஓசூர், தளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசுகிறார்கள், பள்ளியில் தமிழ். இதைப் பார்த்ததும் வீட்டுக்காரர்களுக்குக் கிடைக்கிற முதல் அறிவுரை, 'இனிமேல் தமிழ் மட்டும் பேசுங்க.' இதைவிடப் பாழான அறிவுரை கிடையாது. அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்க, பிள்ளையை வளர்ப்பது அவ்வா, அதாவது பாட்டி. அவருக்கு வாய் நிறைய வருவது கன்னடம். அதை நிறுத்தச் சொன்னால் அந்த வீட்டில் பிள்ளையோடு பேச ஆளே இல்லாமல் போகும். அவ்வா கன்னடத்திலேயே பேசட்டும், பள்ளியில் தமிழிலேயே பேசட்டும், 'தண்ணீர்' என்பதற்கு மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே கை இருக்கட்டும். பிள்ளைக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். ஆனால் அதற்கு அவ்வாவுக்குச் சொல்லித்தர வேண்டும். அம்மாவை மாவட்டத் தலைநகருக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்து, கையெழுத்து வாங்கி, டீ கொடுத்து அனுப்பினால் வேலை ஆகாது.

அடுத்து, எந்தச் சொல்லை முதலில்? நிறங்களும் பழங்களும் 'வணக்கம்' சொல்வதும் முதலில் வருவது, வருகிற அதிகாரிக்குக் காட்டுவதற்காக. பிள்ளைக்கு முதலில் தேவை 'போதும்', 'இன்னும்', 'வேண்டாம்', 'வலிக்குது', 'ஒன்னுக்கு'. இதில் 'போதும்' பெரிய சொல். அது இல்லாத பிள்ளை தட்டைத் தள்ளுகிறது, கடிக்கிறது, தலையை மோதுகிறது, நாம் அடம் என்கிறோம். அந்த அடத்தின் மூலம் கேட்க நினைத்ததைக் கேட்க வேறு வழி கற்றுக்கொடுத்தால் அடம் குறைகிறது என்று கார், டூராண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1985இலேயே காட்டிவிட்டார்கள். சைகையைக் காட்டியதும் நாம் நிறுத்த வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டமான பாகம். 'போதும்' என்று காட்டிய பிறகும் 'இன்னும் ஒரே வாய்டா செல்லம்' என்று ஊட்டினால் அந்தச் சைகை செத்துப்போகும். பாசத்தில்தான் செய்கிறோம், சரி, ஆனால் அப்புறம் பிள்ளை ஏன் காட்டும்?

சட்டத்திலும் இது இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 17ஆம் பிரிவில், பேச்சுக் குறைபாடு உள்ளவர்களின் சொந்தப் பேச்சுக்குத் துணையாகச் சைகை மொழி உள்ளிட்ட வழிகளை ஊக்குவிக்கச் சொல்கிறது. பேச்சுக்குப் பதிலாக அல்ல, துணையாக. பயப்படுகிற ஆசிரியர்கள் இதையாவது ஒருமுறை படிக்கலாம்.

சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் வட்டாரம் முழுக்கச் சுற்ற வேண்டியவர். அவர் வராத நாளில் பிள்ளை யாரிடம் கை காட்டும்? சத்துணவு சமைக்கும் அக்காவுக்கும் பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகளுக்கும் அந்த அஞ்சாறு சைகை தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஆசிரியருக்குத் தெரியாமல் பேசிக்கொள்ள ஒரு வழி கிடைத்தால் விடுவார்களா! தலைமையாசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், காலை வணக்கக் கூட்டத்தில் வாரம் ஒரு சைகைக்கு இரண்டு நிமிடம் ஒதுக்க முடியுமா என்று யோசித்துச் சொல்லுங்கள். தளிப் பக்கம் வந்து சொல்லித்தர நான் தயார்.