கயிற்றைச் சாய்த்துப் பிடித்தால் என்ன?

பி.டி. பீரியடில் நான் நன்றாகப் பழகிய ஒரே திறன் வரிசையில் நிற்பது. 40 பேருக்கு ஒரு பந்து. ஆளுக்கு 20 விநாடி என்று வைத்தாலும் ஒரு சுற்று முடிய 13 நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஒரு பீரியடுக்கு மூன்று வீச்சு கிடைத்தால் அதிர்ஷ்டம். அதில் இரண்டு தப்பிப்போனால் பின்னால் நிற்பவர்களின் சிரிப்பு வேறு. ஆனால் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது அருமையான வகுப்பு. கோடு போட்ட மாதிரி வரிசை, ஒரு விசில், மூச்சுச் சத்தம்கூட இல்லை.

மஸ்கா மாஸ்டன் என்ற உடற்கல்வி அறிஞர் 1966-இல் கற்பித்தல் பாணிகளை ஒரே கேள்வியை வைத்து வகைப்படுத்தினார்: வகுப்பில் முடிவெடுப்பது யார்? எப்போது தொடங்குவது, எத்தனை முறை செய்வது, எவ்வளவு உயரம் என்பதெல்லாம் ஒரு முனையில் ஆசிரியர் கையில் இருக்கும். மறுமுனைக்குப் போகப் போக ஒவ்வொன்றாகப் பிள்ளையின் கைக்கு வரும்.

அவர் சொன்ன கயிறு உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கயிற்றை மட்டமாகப் பிடித்து உயர்த்திக்கொண்டே போனால், தாண்ட முடியாத பிள்ளை ஓரமாகப் போய் உட்கார வேண்டியதுதான். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவருக்குத்தான் முதலில் ஆட்டம் முடிகிறது! அதே கயிற்றை ஒரு முனை தரையிலும் மறுமுனை இடுப்பளவிலுமாகச் சாய்த்துப் பிடித்தால் எல்லோருக்கும் இடம் இருக்கிறது. வீட்டில் மூன்று வாண்டுகளை வைத்துச் செய்து பார்த்தேன். கடைக்குட்டி தாழ்ந்த பக்கத்தில் இரண்டு முறை தாண்டியது. அக்கம்பக்கம் பார்த்தது. அப்புறம் யாரும் சொல்லாமலே ஓர் அடி தள்ளிப்போய் நின்றது. அந்த ஓர் அடியை எந்த விசிலும் வரவழைத்திருக்காது.

அதற்காக ஆணையிட்டுச் சொல்லிக்கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஈட்டி எறியும்போது ‘அவரவர் இஷ்டம்’ என்று விட முடியுமா? மாஸ்டனும் எந்தப் பாணியையும் மட்டம் என்று ஒதுக்கியவர் இல்லை. ஆண்டு முழுக்க அது ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் சிக்கல்.

இன்னொன்று. கெர், பூத் என்ற இருவர் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வயதுப் பிள்ளைகள் சிறு பையை இலக்கை நோக்கி வீசிப் பழகினார்கள். ஒரு குழு மூன்று அடி தூரத்தில் மட்டும். இன்னொரு குழு இரண்டு அடியிலும் நான்கு அடியிலும். கடைசியில் மூன்று அடியில் சோதித்தபோது, அந்தத் தூரத்தில் பழகவே பழகாத குழுதான் நன்றாக வீசியது. மாற்றி மாற்றிப் பழகும்போது பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும். ஆனால் கை கற்றுக்கொள்வது அங்கேதான்.

சமீபத்தில் என் பையனின் வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். ஆளுக்கொரு பந்து, சுவரில் உயரம் மாற்றி மாற்றிக் கோடுகள், ஒரே இரைச்சல். “என்ன சார், சந்தைக்கடை மாதிரி இருக்கு?” என்றார் பக்கத்தில் நின்ற அப்பா ஒருவர். நான் பதில் சொல்லாமல் என் பையனின் வீச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷத்தில் 34 வீச்சு. பாதிக்கு மேல் தப்பியது. சிரிக்க யாருக்கும் நேரமில்லை, அவரவர் பந்தை அவரவர் துரத்திக்கொண்டிருந்தார்கள்.