கடலுக்குப் போகிற மண்

தண்ணியில்லாக் காடு என்று எங்கள் மாவட்டத்துக்குப் பேரே வைத்துவிட்டார்கள். ஆனால் ராமநாதபுரத்தில் வருஷத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்த்துவிடும். மேல்மண் போவதும் அப்போதுதான். வறட்சி என்றால் ஊரே பேசுகிறது, மண் போவதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. எனக்கு அதுதான் ஆற்றாமை.

உப்பூர்ப் பக்கம், கடலுக்குக் கிட்டத்தில் எங்கள் நிலம். மணல்சாரி, ஈரம் தங்காது. மாசி, பங்குனியில் கண்மாய் வற்றியதும் அய்யா (தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மாட்டுவண்டி கட்டிக் கண்மாய் அடியில் படிந்த வண்டலான கரம்பையை அள்ளுவார். உடனே பரப்ப மாட்டார். வயலில் குவியல் குவியலாகப் போட்டு வெயிலில் காயவிடுவார். வெடித்த கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நசுக்குவார். பொலபொலவென்று உதிர்ந்தால்தான் மண்வெட்டியைத் தொடலாம். "மேக்க இருந்து வந்த மண்ணுடா, கடலுக்குப் போகவிடாம நாமதான் பிடிச்சு வைக்கணும்" என்பார். சரிவுக்குக் குறுக்கே உழு, வரப்புப் பனையில் கை வைக்காதே. அவர் சொன்ன விவசாயம் அவ்வளவுதான்.

அவர் போன பிறகு, டிராக்டர் திரும்ப வசதியாக இருக்கட்டும் என்று குறுக்கு வரப்பை உடைத்தோம். பனையைச் செங்கல் சுடும் காளவாசலுக்கு விற்றோம். அடுத்த கார்த்திகை அடைமழையில் வயலின் நடுவே முழங்கால் ஆழத்துக்கு ஓடை விழுந்தது. விதைத்த நெல்லும் மண்ணும் சேர்ந்தே போயின. ஓடைக் கரையில் அறுந்து தொங்கிய பனை வேரை அப்பா பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

2023-ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! அந்தப் பெயர் இந்த மண்ணுக்கும் சேர்த்துத்தானே? அந்த மண்ணைக் காப்பாற்றும் வேலையைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

போன வருஷம் பாதி வயலுக்கு மட்டும் கரம்பை அடித்தோம். மழை இரண்டு வாரம் விட்டபோது அந்தப் பாதியில் மிளகாய்ச் செடி வாடவில்லை, பக்கத்துப் பாதி மத்தியானமே தலை சாய்ந்துவிட்டது. கண்மாய் வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுக்க அரசு அனுமதி இருக்கிறது. 2024-லிருந்து தாசில்தாரே உத்தரவு கொடுக்கலாம். எங்கள் ஊரில் நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து இந்தப் பங்குனிக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம். வரப்பில் போட ஐம்பது பனங்கொட்டையும் பொறுக்கி வைத்தாயிற்று.