தாராளவாதிகள் தேசியத்துக்கு எதிரிகளா?
"19ஆம் நூற்றாண்டில் தாராளவாதிகள் தேசியவாதத்தை எதிர்த்தார்கள், ஜெர்மன் தேசியத்தைக் கிளப்பியதே பிஸ்மார்க்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார் (பிஸ்மார்க், ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் பிரதமராக இருந்தவர்). அப்படியில்லை. 1848 மே 18 அன்று பிராங்க்ஃபர்ட் புனித பவுல் தேவாலயத்தில் கூடிய நாடாளுமன்றத்தைப் பாருங்கள். பத்திரிகைச் சுதந்திரம் கேட்ட தாராளவாதிகளும், பல அரசுகளாகப் பிரிந்து கிடந்ததை இணைத்து ஒரே ஜெர்மனி கேட்ட தேசியவாதிகளும் அங்கே பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். மண்டபத்தில் ஒரே ஜெர்மனியின் அடையாளமான கறுப்பு, சிவப்பு, பொன்நிறக் கொடி வேறு. 1849இல் அவர்கள் நீட்டிய ஒன்றுபட்ட ஜெர்மனியின் மணிமுடியை மறுத்தவர் பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெடெரிக் வில்லியம். பிரதிநிதிகள் கையால் முடி வாங்குவதா என்ற கௌரவப் பிரச்சினை அவருக்கு. பெரிய பிரச்சினைகள் பேச்சால் அல்ல, படைபலத்தால்தான் தீரும் என்று பிஸ்மார்க் 'இரும்பும் இரத்தமும்' பேசியது 1862இல்தான். அப்புறம், இந்தத் தாராளவாதிகளைப் புனிதர்களாக்கவும் வேண்டாம்: பிரஷ்ய ஆட்சியில் இருந்த, போலந்துக்காரர்கள் நிறைய வாழ்ந்த போசன் பகுதியின் பெரும்பகுதியை ஜெர்மனியோடு சேர்க்க வாக்களித்ததும் இதே பிராங்க்ஃபர்ட் சபைதான்.