முதுகு ஊசி மார்பின்: ஒரு திருத்தம்

அறுவையின்போது வலி தெரியாமலிருக்க முதுகெலும்பு வழியே, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் ஊசி போடுவார்கள். "முதுகில் போடும் மருந்து எதுவானாலும் இரண்டு மூன்று மணி நேரம்தான் வேலை செய்யும்" என்று சொல்வது பாதிதான் சரி. மரத்துப்போக வைக்கும் பியூபிவகெய்னுக்கும், கொழுப்பில் கரையும் வலி மருந்தான ஃபென்டனிலுக்கும் (10–25 மைக்ரோகிராம்) ஏறக்குறைய அது பொருந்தும். அபின் வகை வலி மருந்தான மார்பின் வேறு ரகம். நீரில் கரைவதால் தண்டுவட நீரிலேயே தங்கும். வயிற்றுப் புற்றுநோய் அறுவையில் கெடாமல் வைக்கும் ரசாயனம் கலக்காத மார்பின் 100–300 மைக்ரோகிராம் போட்டால் வலி நிவாரணம் ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். அதற்குமேல் ஏற்றினால் அரிப்பும் வாந்தியும்தான் மிச்சம்.

ஆபத்தும் அந்தத் தங்கலில்தான். மருந்து மெல்ல மூளைப்பக்கம் ஏறி, 6–12 மணி நேரம் கழித்துக்கூட மூச்சு மந்தமாகலாம். முதல் 12 மணி நேரம் மணிக்கொருமுறை, அடுத்த 12 மணி நேரம் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை மூச்சையும் விழிப்பையும் பார்க்க வேண்டும். மார்பினுக்கு மாற்று மருந்தான நலோக்சோன் பக்கத்திலேயே இருக்கட்டும். கூடவே தூக்க மருந்து கொடுத்தால் ஆபத்து இன்னும் கூடும்.