அவுஸ்திரேலியக் கார்ப் மீன் வைரஸ்: வட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் பிழை

“அவுஸ்திரேலியா ஆறுகளில் ஹேர்பீஸ் வைரஸைக் கலந்துவிட்டது, மீன் சாப்பிட்டால் மனிதருக்கும் தொற்றும்” என்றொரு குரல்பதிவு யாழ்ப்பாணத்துக் குழுக்களில் சுற்றுகிறது. நேற்றுச் சின்னக்கடையில் ஒரு அம்மா, செவுள் விரித்துப் பார்த்து விலைபேசிய விளைமீனை இதைச் சொல்லியே திருப்பி வைத்தார். பாவம், அது நம் கடல்மீன். இந்த வைரஸுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

மரே-டார்லிங் ஆறுகளில் அளவின்றிப் பெருகிய கார்ப் என்ற நன்னீர் மீனைக் கட்டுப்படுத்த இந்த வைரஸ் உதவுமா என்று அவுஸ்திரேலிய அரசு 2016இல் ஆராயத் தொடங்கியது. அது ஆய்வுத் திட்டம். ஆற்றில் விடும் முடிவல்ல.

பயமுறுத்துவது பெயர்தான். மனிதருக்கு வரும் ஹேர்பீஸ் வேறு குடும்பம், இது மீன்களுக்குரிய குடும்பம். சாதாரண கார்ப், அதன் அலங்கார வகையான கோய் ஆகியவற்றில்தான் நோயாகிறது, அதுவும் ஏறத்தாழ 16 முதல் 28 பாகை வெப்பமுள்ள நீரில். நம் உடற்சூடு 37 பாகை. ஜப்பானிலும் இந்தோனேசியாவிலும் இந்நோய் பரவியபோது மீனைக் கையாண்ட எவருக்கும் தொற்றியதாகப் பதிவில்லை. எலி, கோழி, தவளைகளில் அவுஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. சோதித்தும் தொற்று ஏற்படவில்லை.

உண்மையான கவலை வேறு: மீன்கள் கூட்டமாகச் செத்து அழுகினால் குடிநீர் கெடும். அந்த ஆய்வு அதையும் அலசியது. வீட்டுத் தொட்டியில் கோய் வளர்ப்போர் புதிதாக வாங்கும் மீனைச் சில வாரம் தனியே வைத்திருங்கள். அது மீனைக் காப்பாற்ற.

அவுஸ்திரேலியாவின் தேசிய கார்ப் கட்டுப்பாட்டுத் திட்ட அறிக்கையில் இவற்றைப் பார்க்கலாம். அந்தக் குரல்பதிவு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள்.