சம்பந்திகள் வண்டி பார்க்கிறார்கள்

(ஒட்டன்சத்திரத்திற்கு அருகே ஒரு கிராமம், நாச்சிமுத்துவின் வீட்டுத் திண்ணை. அவருடைய மகனுக்கும் சின்னச்சாமியின் மகளுக்கும் திருமணம் முடிந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கமிருந்து கேரட்டும் பூண்டும் ஏற்றிவந்து ஒட்டன்சத்திரம் சந்தையில் சேர்க்கும் தொழிலை மாப்பிள்ளை தொடங்கவிருப்பதால், பழைய டீசல் பிக்கப் ஒன்றைப் பாதிக்குப் பாதி பணம் போட்டு வாங்கித் தருவதென்று இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எந்த வண்டி என்பதுதான் பாக்கி. வண்டியை ஓட்டப்போகிறவனை யாரும் பேச்சுக்குக் கூப்பிடவில்லை.)

நாச்சிமுத்து: வாருங்கள் சம்பந்தி, உட்காருங்கள். நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவன் அல்லன். மலைக்கு ஓடுகிற வண்டி என்றால் அது மகிந்திரா பொலேரோ பிக்கப்தான். நான்கு சிலிண்டர், 2,523 சி.சி. இஞ்சின், ஒன்றேகால் டன்னுக்கு மேல் தாங்கும். போதாக்குறைக்கு, முன்னால் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பதால், வாசலில் நிறுத்தினால் தெருவில் நமக்கு ஒரு மரியாதையும் உண்டு.

சின்னச்சாமி: வண்டிக்குப் பாதி பணம் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டேன் சம்பந்தி, மரியாதைக்கும் பாதி தருவதாகச் சொன்ன நினைவு எனக்கு இல்லை. மூக்குதான் வேண்டுமென்றால் யானைக்கு இல்லாத மூக்கா? டாடா ஏஸ் 2005-இல் வந்தது. நம் மக்கள் அதைச் செல்லமாகக் குட்டியானை என்று அழைக்கிறார்கள். வாசலில் யானை நிற்கும் வீடு என்று ஊரார் சொன்னால் உங்களுக்குக் கசக்கவா போகிறது?

நாச்சிமுத்து: யானை வாசலில் நிற்பதில் எனக்குத் தடையில்லை, பெருமாள்மலை வளைவில் நிற்கக்கூடாது என்பதுதான் என் கவலை. அந்தப் பழைய குட்டியானைக்கு இரண்டே சிலிண்டர், 702 சி.சி., பதினாறு குதிரைத்திறன். நம் ஊர்த் தரையிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பதினாறு குதிரைகளைப் பூட்டி ஒரு யானையை மலையேற்றுவது எந்த ஊர் நியாயம்?

சின்னச்சாமி: கேரட் எங்கே விளைகிறது சம்பந்தி?

நாச்சிமுத்து: மலையில்.

சின்னச்சாமி: சந்தை எங்கே இருக்கிறது?

நாச்சிமுத்து: கீழே.

சின்னச்சாமி: அப்படியானால் வண்டி காலியாக ஏறுகிறது, பாரத்தோடு இறங்குகிறது. இறங்குவதற்கு இஞ்சின் எதற்கு? பூமித்தாய் இலவசமாக இழுத்துக்கொள்கிறாள். நமக்கு வேண்டியது பிரேக்தான். அதற்காக நான்கு சிலிண்டருக்குப் பணம் கொடுப்பது, கிணற்றில் இறங்குகிறவன் ஏணிக்குப் பதிலாக மோட்டார் வாங்கிய கதையாக இருக்கிறது.

நாச்சிமுத்து: (சற்று நேரம் வெற்றிலையை மென்றபடி) காலியாக ஏறுகிறது என்று யார் சொன்னது? போகும்போது உர மூட்டை, அரிசி மூட்டை, சிமெண்ட் என்று ஏதாவது வாடகை கிடைக்காமலா போகும்? தவிர, பாரத்தோடு இறங்குகிற வண்டிக்கும் இஞ்சின் வேண்டும் சம்பந்தி. பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால், பாதி மலையில் லைனர் சூடேறி, கருகிய வாடை அடிக்க ஆரம்பித்து, அப்புறம் மிதித்தாலும் வண்டி நிற்காது. இரண்டாவது கியரில் போட்டு, இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற மாதிரிதான் ஓட்ட வேண்டும். பெரிய இஞ்சின் நன்றாகப் பிடிக்கும். சின்ன இஞ்சின் பிடித்துப் பார்த்துவிட்டுக் கூடவே ஓடி வந்துவிடும்.

சின்னச்சாமி: இது எனக்குத் தெரியாத செய்தி என்று நினைக்காதீர்கள், உங்களுக்குத் தெரிகிறதா என்றுதான் பார்த்தேன். ஆனால் விலை என்று ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த இடத்தில் 2012-ஆம் ஆண்டுக் குட்டியானை ஒன்று இருக்கிறது. ஒன்றரை லட்சத்திற்கு முடித்துவிடலாம். ஒரே கை ஓட்டியது. பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்டார்கள். இதோ, கைபேசியில் படம் பாருங்கள்.

நாச்சிமுத்து: (கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்க்கிறார்) சம்பந்தி, இந்தப் பின்கதவில் பச்சை பெயின்ட் உரிந்திருக்கிற இடத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன்.

சின்னச்சாமி: உரிந்த பெயின்ட் எல்லா வண்டியிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நாச்சிமுத்து: இல்லை, இது பீரோவின் கால் உரசிய தடம். திருமணத்தன்று சீர்வரிசை ஏற்றிவந்து, மண்டபத்திற்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே நின்றுபோன வண்டி இதுதானே? கெட்டிமேளம் கொட்ட வேண்டிய நேரத்தில் நாதஸ்வரக்காரர் உட்பட ஒன்பது பேர் இறங்கித் தள்ளினோமே! என் வேட்டிக் கரையில் அன்று பட்ட ஆயில் இன்னும் போகவில்லை.

சின்னச்சாமி: அன்று டீசல் தீர்ந்துவிட்டது சம்பந்தி, அது வண்டியின் குற்றமன்று, என் தம்பியின் குற்றம்.

நாச்சிமுத்து: டீசல் தீர்ந்த வண்டிக்குப் புகை ஏது? நீலம், கறுப்பு, வெள்ளை என்று மூன்று நிறத்திலும் வந்தது. உங்கள் வீட்டார் வாணவேடிக்கைக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்றல்லவா நான் மகிழ்ந்துபோனேன்! பிறகுதான் மெக்கானிக் சொன்னார். நீலப் புகை என்றால் இஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. கறுப்பு என்றால் டீசல் முழுதாக எரியவில்லை. இஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கட் போய் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஒரே வண்டியில் மூன்றும் வந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வண்டிக்குத் திருநீறு பூசினார்.

சின்னச்சாமி: சரி, குட்டியானையை விட்டுவிடுவோம். எனக்கும் அதை விற்பதில் மனமில்லை.

நாச்சிமுத்து: விற்பதிலா?

சின்னச்சாமி: வாங்குவதில் என்று சொல்ல வந்தேன். நடுவிலே ஒரு வழி இருக்கிறது. அசோக் லேலண்ட் தோஸ்த். நம் ஓசூரில் செய்த வண்டி. 2011-இல் நிசான் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து கொண்டுவந்தார்கள். மூன்று சிலிண்டர், 1,478 சி.சி., ஒன்றேகால் டன் பாரம். குட்டியானைக்கும் பொலேரோவுக்கும் சரி நடுவில் நிற்கிறது. தோஸ்த் என்றால் இந்தியில் நண்பன் என்று பொருள். நம் இரு குடும்பத்தின் ஒற்றுமைக்கும் பொருத்தமான பெயர்.

நாச்சிமுத்து: கூட்டுச் சேர்ந்தவர்கள் 2016-இல் பிரிந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சம்பந்திகளுக்கு அவ்வளவு பொருத்தமான சகுனமாகத் தெரியவில்லை.

சின்னச்சாமி: அவர்கள் பிரிந்தார்கள், வண்டி பிரியவில்லையே. இன்றைக்கும் சந்தைக்கு வெளியே நின்று எண்ணிப் பாருங்கள், எத்தனை தோஸ்த் வரிசையில் நிற்கிறது என்று.

நாச்சிமுத்து: வண்டியைக் குறை சொல்லவில்லை. ஆனால் இஞ்சின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. என் மகன் கொஞ்சம் சூட்டு உடம்பு. கோடையில் பகல் முழுதும் அதன்மேல் உட்கார்ந்து ஓட்டினால் தோசைக்கல்லில் வைத்த மாதிரி ஆகிவிடுவான். முன்னால் மூக்கு இருந்தால், எதிரே வருகிறவன் இடித்தாலும் முதலில் மூக்குதான் போகும்; கால் தப்பும்.

சின்னச்சாமி: கால் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயந்தான். என் மகள் வாழ வேண்டிய வீடு. (பெருமூச்சு விட்டு) அந்த இசுசு டி-மேக்ஸ் பற்றி யாரோ சொன்னார்களே?

நாச்சிமுத்து: ஸ்ரீசிட்டியில் செய்கிறார்கள், வண்டி சிங்கம் போல இருக்கிறது, ஆனால் உதிரிபாகம் வேண்டுமென்றால் கோவைக்கோ மதுரைக்கோ பேருந்து ஏற வேண்டியிருக்கும். பொலேரோவின் உதிரிபாகம் நம் ஊரில் மளிகைக்கடையில் மட்டும்தான் கிடைக்காது. சிங்கத்தை அத்தோடு விடுங்கள்.

சின்னச்சாமி: புகையைக் குறைக்கும் புது விதிப்படி வந்த பி.எஸ்.6 வண்டியாகப் பார்த்தால் என்ன? 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்ததென்றால் வயதும் குறைவாக இருக்கும்.

நாச்சிமுத்து: அதில் சைலன்சரோடு ஒரு வடிகட்டி இருக்கிறது சம்பந்தி. கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, வண்டி நல்ல வேகத்தில் நெடுந்தூரம் ஓடும்போது சூட்டில் எரித்துவிடும். சந்தை வாசலில் இரண்டு மணிநேரம் இஞ்சினை உறுமவிட்டுக்கொண்டே ஒவ்வோர் அடியாக நகர்கிறவர்களுக்கு அது எரிவதற்கே வாய்ப்புக் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். அதற்கு ஒரு விளக்கு எரியும். அதற்கும் ஒரு செலவு வரும். அதனால்தான் 2018-ஆம் ஆண்டு பொலேரோ ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஐந்தேகால் லட்சம். ஓட்டம் வெறும் 48,000 கிலோமீட்டர். இதோ ஆர்.சி. புத்தகத்தின் ஜெராக்ஸ்.

சின்னச்சாமி: (கையில் வாங்கப் போகிறார், நாச்சிமுத்து கொடுக்காமல் தாமே பிடித்துக் காட்டுகிறார்) உரிமையாளர் பெயர் இருக்கும் இடத்தில் உங்கள் கட்டைவிரல் இருக்கிறதே.

நாச்சிமுத்து: காற்றடிக்கிறது, பறந்துவிடும்.

சின்னச்சாமி: சரி. சந்தைக்கு ஓடிய வண்டியா?

நாச்சிமுத்து: சந்தைக்குத்தான், நாள்தோறும்.

சின்னச்சாமி: நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு முந்நூறு நாள் ஓடினால் முப்பதாயிரம். அந்தக் கணக்கில் உங்கள் 48,000 என்பது இரண்டாவது ஆண்டுப் பொங்கலுக்குள் முடிந்திருக்க வேண்டும். மீட்டரைப் பின்னால் சுற்றியிருக்கிறார்கள் சம்பந்தி.

நாச்சிமுத்து: அப்படியெல்லாம் எடுத்தவுடன் சந்தேகப்படக்கூடாது.

சின்னச்சாமி: சந்தேகப்படாமல் இருந்துதான் ஒருமுறை பட்டுவிட்டேன். ஜாதகத்தில் மாப்பிள்ளைக்கு இருபத்தேழு என்று கொடுத்தீர்கள். திருமணப் பதிவுக்கு ஆதாரை நீட்டியபோது முப்பது ஆகியிருந்தது.

நாச்சிமுத்து: அது அச்சுப்பிழை.

சின்னச்சாமி: எதில், ஜாதகத்திலா ஆதாரிலா?

நாச்சிமுத்து: வண்டியைப் பற்றிப் பேசுவோம் சம்பந்தி.

சின்னச்சாமி: வண்டியைப் பற்றித்தான் பேசுகிறேன். மீட்டரைச் சுற்றலாம், கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து வழவழப்பாகியிருப்பதையும், ஓட்டுநர் இருக்கை ஒருபக்கம் அமுங்கியிருப்பதையும் சுற்ற முடியாது. அடியில் குனிந்து, பாரம் தாங்கும் கமான் பட்டையை எண்ணிப் பார்க்க வேண்டும். கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒரு பட்டை கூடுதலாகச் செருகியிருந்தால், ஒன்றரை டன் வண்டியில் இரண்டரை டன் ஏற்றியிருக்கிறார்கள் என்று பட்டையே சாட்சி சொல்லும். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் வெல்டிங் வைத்துக் கறுப்புப் பெயின்ட் பளபளவென்று அடித்திருந்தால் அந்த இடத்தைத்தான் முதலில் சுரண்டிப் பார்க்க வேண்டும். மீன் ஏற்றிய வண்டியாக இருந்தால் உப்புத்தண்ணீர் வடிந்து வடிந்து அடித்தகடு அப்பளமாகியிருக்கும். அதற்கு மூக்கு இருந்தால் போதும், வண்டிக்கு அன்று, பார்க்கிறவருக்கு.

நாச்சிமுத்து: மீன் எல்லாம் ஏற்றவில்லை. ஆடு மட்டும் இரண்டு முறை ஏற்றினான்.

சின்னச்சாமி: யார் ஏற்றினான்?

நாச்சிமுத்து: அந்த உரிமையாளர், அவர் ஏற்றியிருக்கலாம் என்று ஒரு யூகம்.

சின்னச்சாமி: எப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியை எப்போது காட்டியது? சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காட்டினால் போதும். அதன் பிறகு ஆண்டுதோறும் பெயின்ட் அடித்து, பிரேக் பார்த்து, கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அந்தச் செலவு தொடங்குகிற நேரம் பார்த்துத்தான் பலரும் வண்டியை விற்கிறார்கள். கடன் முடிந்து, பாக்கியில்லை என்ற என்.ஓ.சி. சான்று வாங்கியிருக்கிறார்களா? புத்தகத்திலிருந்து பைனான்ஸ் பெயர் நீக்கப்படாமல் இருந்தால், நாம் வாங்கிய வண்டியை வேறொருவர் வந்து ஓட்டிக்கொண்டு போவார்.

நாச்சிமுத்து: அதெல்லாம் சுத்தம். தவணை கட்டி முடித்த அன்று எங்களுக்கெல்லாம் பிரியாணி போட்டார்கள்.

சின்னச்சாமி: உங்களுக்கு எதற்குப் போட்டார்கள்?

நாச்சிமுத்து: நல்ல மனிதர்கள் சம்பந்தி, ஊருக்கே போட்டார்கள்.

சின்னச்சாமி: பொலேரோவோ, தோஸ்தோ, எனக்கு ஒன்றுதான். டீசல் வண்டியில் ஒரே ஒரு சோதனை போதும். இரவு முழுதும் நின்று ஆறிய இஞ்சினை, விடியற்காலைக் குளிரில் முதல் தடவை ஸ்டார்ட் செய்ய வேண்டும். உள்ளே அமுக்கம் குறைந்த இஞ்சின் என்றால் இழுத்து இழுத்துத்தான் எழும். வாய் நிறையப் புகையும் கக்கும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால் நோயாளி இஞ்சினும் சாவியைத் தொட்டவுடன் சிரித்துக்கொண்டு எழுந்துவிடும். ஆகவே நாளைக்கு ஐந்து மணிக்கே போய், சாவியை வாங்குவதற்கு முன்னால் பானெட்டின் மேல் கை வைத்துப் பார்ப்பேன். சில்லென்று இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

நாச்சிமுத்து: ஐந்து மணிக்கா? எட்டு மணி என்றல்லவா நினைத்தேன்! அப்படியானால் சகலையை மூன்று மணிக்கே எழுப்பி ஒரு சுற்று ஓட்டிவரச் சொல்லி, ஆறுவதற்கும் நேரம் விட வேண்டுமே...

(திண்ணையில் சற்று நேரம் பேச்சில்லை. நாச்சிமுத்துவின் கட்டைவிரல் ஜெராக்ஸிலிருந்து தானாகவே நழுவுகிறது.)

சின்னச்சாமி: (பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு) நல்ல பெயர். பந்தியில் எனக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றியவர் இவர்தானே?

நாச்சிமுத்து: வண்டி நல்ல வண்டி சம்பந்தி. காலையில் மட்டும் கொஞ்சம் சோம்பல்.

சின்னச்சாமி: நான் இரண்டரை மணிக்கே வந்து பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் சகலைக்கும் சேர்த்து பிளாஸ்க்கில் காபி கொண்டுவருகிறேன். பாவம், அவரும் தூங்கியிருக்கமாட்டார்.