பண்ணைக்கு ஒரு நாள் போனால் போதாது

மழலையர் பள்ளிகள் பிள்ளைகளைப் பண்ணைக்கு அழைத்துப் போவது நல்ல விஷயம். அதைச் செய்கிற விதத்தில்தான் எனக்கு மனக்குறை. வருடத்துக்கு ஒரு நாள் வேனில் போய் இறங்குகிறார்கள். மாட்டைப் பார்த்து, முயலைத் தடவி, டிராக்டரில் உட்கார்ந்து போட்டோ எடுத்து, மதியத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். அந்த மாடு ஏன் அங்கே நிற்கிறது, அதன் தீவனம் எங்கே விளைகிறது, பக்கத்து வயல் அடுத்த மாதம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் கண்ணில் படாது.

பத்துப் பண்ணைகளை ஒவ்வொரு தடவை பார்ப்பதைவிட, ஒரே பண்ணைக்குப் பருவத்துக்கு ஒரு தடவை போவது மேல். அதிலும் அதே வயலின் அதே மூலையில் போய் நிற்க வேண்டும். மூன்று, நான்கு வயதில் 'நேற்று' என்றால் கடந்துபோன ஏதோ ஒரு நாள், அவ்வளவுதான். 'மூன்று மாதம் கழித்து' என்று வாயால் சொல்லி அந்த வயதுக்குப் புரியவைக்க முடியாது. ஆனால் போன தடவை தன் முழங்கால் உயரம் இருந்த பயிர் இப்போது தலைக்கு மேல் நிற்கிறது என்றால், அது உடம்புக்கே புரியும். காலம் என்ற ஒன்று நகர்கிறது என்பதை அதைவிட நன்றாகக் காட்டும் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

படப்புத்தகங்களில் வரும் பண்ணையைக் கவனித்துப் பாருங்கள். அங்கே எப்போதும் ஒரே பருவம். மரத்தில் பூவும் பழமும் சேர்ந்தே இருக்கும், வயல் எந்நேரமும் பச்சை, கோழிக்குப் பக்கத்தில் எப்போதும் குஞ்சுகள், மாட்டின் மடி எப்போதும் நிறைந்திருக்கும். பால் வேண்டுமானால் மாடு முதலில் கன்று ஈன வேண்டும், அதற்குச் சுமார் ஒன்பது மாதம் சினையாக இருக்க வேண்டும் என்பது அதில் எங்கும் வராது. தம்பியோ தங்கையோ பிறக்கப்போகும் வீட்டுப் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மாட்டுக்கும் அம்மாவைப் போலவே ஒன்பது மாதமா என்று கண்ணை விரிக்கும்.

தானியக் கதிர் பால் பிடிக்கும் சமயத்தைத் தவறவிடவே கூடாது. நெல்லோ கோதுமையோ சோளமோ, எதுவானாலும் சரி. பிஞ்சு மணி ஒன்றை நகத்தால் நசுக்கினால் வெள்ளையாகப் பால் வடியும். சில வாரம் கழித்து அதே கதிரைத் தொட்டால் மணி நகத்தால் நசுக்க முடியாத கெட்டியாக இருக்கும். இரண்டையும் தன் விரலால் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு 'முற்றியது' என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆனால் அறுவடை நாள் மட்டும்தான் பள்ளிகளின் கண்ணுக்குத் தெரிகிறது. அன்று ஆட்களும் இயந்திரங்களும் பரபரப்பும் இருக்கும், போட்டோ நன்றாக வரும்.

அதைவிட முக்கியமாக நான் நினைப்பது ஒன்றுமே இல்லாத பருவத்தை. அறுத்து முடித்த வயல், இலை உதிர்ந்த மரம், மழைக்குக் காத்துக் கிடக்கும் வெடித்த மண், அல்லது பனியில் உறைந்த நிலம். நான்கு பருவம் உள்ள நாடானாலும் சரி, மழையும் வறட்சியும் மட்டும் மாறி மாறி வரும் இடமானாலும் சரி, ஓய்வுக்காலம் என்று ஒன்று உண்டு. 'இப்போது போய் என்ன பார்ப்பது' என்று அந்தப் பயணத்தைத்தான் முதலில் ரத்து செய்கிறார்கள். பார்க்க நிறையவே இருக்கிறது. மொட்டையாக நிற்கும் கிளையை விரலால் தடவினால் அடுத்த பருவத்து மொட்டு கெட்டியாக மூடிக்கிடப்பது தட்டுப்படும். எருக்குழியைக் கிளறினால் உள்ளே சூடாக இருக்கும், குளிர்காலத்தில் ஆவியே வரும். போன தடவை பார்த்த தழையும் சாணமும்தான் அங்கே மண்ணாக மாறிக்கொண்டிருக்கின்றன. ஈரம் உள்ள இடத்தில் மண்புழு இருக்கும். அதற்குக் கண் இல்லை, தோலால் மூச்சு விடுகிறது என்று சொன்னால் ஒரு மணி நேரத்துக்குக் கேள்வி ஓயாது.

இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் சிறு குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கிய ஃபிரடெரிக் ஃபுரோபல், ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தியும் எல்லோருக்கும் பொதுவாகச் சில பாத்திகளும் வேண்டும் என்று வலியுறுத்தியவர். சொந்தப் பாத்தி என்றால் அதில் வாடினாலும் தன்னுடையது, பூத்தாலும் தன்னுடையது. இன்று அவருடைய வழியில் வந்த எத்தனையோ பள்ளிகளில் பாத்தி போய், சுவரில் ஒட்டிய காகிதப் பூ மட்டும் மிஞ்சியிருக்கிறது. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

பாத்தி போட இடமில்லாவிட்டால் தொட்டி போதும். விதை பெரிதாக இருக்கட்டும். அவரை, பூசணி, சூரியகாந்தி எல்லாம் சின்ன விரல்களுக்கு அடங்கும். சீக்கிரம் வருவது ஒன்றும் மெதுவாக வருவது ஒன்றும் சேர்த்துப் போடுங்கள். சிவப்பு முள்ளங்கி ஒரு மாதத்துக்குள் பிடுங்கும் அளவுக்கு வந்துவிடும், பூசணிக்கு மூன்று நான்கு மாதம் பொறுக்க வேண்டும். ஊறவைத்த அவரை விதையை ஈரக் காகிதத்தோடு கண்ணாடி டம்ளரின் ஓரத்தில் செருகி வைத்தால் முளைப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். தலைகீழாக வைத்தாலும் வேர் வளைந்து கீழே போவதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். நாம் முந்திக்கொண்டு சொல்லாமல் இருந்தால் போதும்.

அப்புறம், செடி செத்துப்போனால் அதை மாற்றாதீர்கள். பிள்ளை அழுமே என்று ராத்திரியோடு ராத்திரியாக வேறு செடியை நட்டு வைக்கிற ஆசிரியர்களும் பெற்றோர்களும் இருக்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் பூச்சி தின்றதும் வெயிலில் கருகியதும் விவசாயிக்கு ஒவ்வொரு வருடமும் நடப்பவை. அதை மறைத்துவிட்டு எந்தப் பண்ணையைக் காட்டுகிறோம்? இந்த வயதில் பிள்ளைகள் இறப்பைத் திரும்பி வரக்கூடிய ஒன்றாகவே பெரும்பாலும் நினைக்கிறார்கள். "நாளைக்கு எழுந்திடுமா?" என்று கேட்பார்கள். "இல்லை, இந்தச் செடி செத்துப்போச்சு. மக்கி உரமாகும், வேறு விதை போடலாம்" என்று நேராகச் சொன்னால் போதும். தூங்குகிறது என்று சொல்லிவைப்பதுதான் பிறகு குழப்பத்தைக் கொண்டுவரும்.

வகுப்பறையில் கருவி வைத்துக் குஞ்சு பொரிக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. 21 நாள் எல்லோருக்கும் கொண்டாட்டம், 22ஆம் நாள் அந்தக் குஞ்சுகள் எங்கே போகும் என்று பல இடங்களில் யாரும் யோசித்திருப்பதில்லை. பண்ணையில் அடைகாக்கும் கோழியைத் தள்ளி நின்று பாருங்கள். அது முட்டைகளைப் புரட்டுகிறது, தின்னவும் தண்ணீர் குடிக்கவும் கொஞ்ச நேரம் மட்டும் எழுந்து போகிறது, ஓடிவந்து மறுபடி உட்காருகிறது. அந்தக் காத்திருப்பைக் கருவியால் காட்ட முடியாது.

மண்ணில் கை வைத்தால் நோய் வரும் என்ற பயத்துக்கு வருகிறேன். 2020இல் வெளியான பின்லாந்து ஆய்வு ஒன்றில், சில பகல்நேரக் காப்பகங்களின் முற்றத்தில் காட்டுத் தரையையும் புல்லையும் கொண்டுவந்து பரப்பி, நடுவதற்குப் பெட்டிகளும் வைத்தார்கள். 28 நாளில் அங்கே விளையாடிய பிள்ளைகளின் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை கூடியது, நோயெதிர்ப்பைச் சீராக்கும் அறிகுறிகள் இரத்தத்தில் தெரிந்தன. 75 பிள்ளைகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான், எல்லா முடிவையும் அதன் மேல் கட்ட முடியாது. ஆனாலும் மண்ணை எதிரியாகப் பார்ப்பதை நிறுத்த அது நல்ல காரணம்.

அதற்காகக் கவனக்குறைவுக்கு இடமில்லை. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கால்நடைகளிடமிருந்து வரும் கிருமிகள் கடுமையாகத் தாக்கலாம். கோழிக்குஞ்சை முத்தமிட விடக்கூடாது, காய்ச்சாத பால் கொடுக்கக்கூடாது, தொழுவத்தில் வைத்து எதையும் தின்ன விடக்கூடாது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கை கழுவ வேண்டும். அழுக்குக் கைக்குச் சானிடைசர் ஈடாகாது. மருந்து தெளித்த வயலுக்கு அன்று போகவே வேண்டாம். கிணறு, இயந்திரங்கள் பக்கம் பெரியவர் ஒருவர் நின்றே ஆகவேண்டும்.

வசதி இல்லை, வருடத்துக்கு ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்கிற பள்ளிகளும் உண்டு. அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு நாளை அறுவடைக்கு வைக்காதீர்கள், விதைப்புக்கு வையுங்கள். அதே விதையில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கிவந்து பள்ளித் தொட்டியில் போடுங்கள். வயலின் ஒரு மூலையைக் காட்டி, மாதம் ஒரு தடவை அங்கே நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா என்று விவசாயியிடம் கேளுங்கள். வந்த போட்டோவைத் தொட்டிக்கு மேலே, பிள்ளைகளின் கண்ணுக்கு நேர் உயரத்தில் ஒட்டுங்கள். பழைய போட்டோக்களைக் கழற்றாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.